எரி பட்டுப்புழுவுக்கு ஆமணக்கு மட்டுமா தீனி? குச்சிக்கிழங்கு இலையும் கைகொடுக்கும்

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து எந்தப் பாதையில் போனாலும் கண்ணில் படுவது இலைதான். காபித் தோட்டமும், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும், அதில் ஏறிய மிளகுக் கொடியும் மலையை மூடி நிற்கின்றன. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் போன்ற ஊர்களில் வீட்டோரத்திலும் குப்பைமேட்டிலும் ஆமணக்கு தானாக முளைத்து வளர்கிறது. மலையிறங்கி, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் வந்து, வாழப்பாடி, ஏத்தாப்பூர், ஆத்தூர் என்று கிழக்கே சென்றால் வயல்தோறும் மரவள்ளி. இவ்வட்டாரத்தார் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள்.

கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. குச்சி அடுத்த நடவுக்கு ஆகிறது. ஆமணக்கில் கொட்டை விலையாகிறது. இரண்டிலும் இலைக்கு மட்டும் விலை கிடையாது. வயலில் உதிர்கிறது, அல்லது அறுவடையன்று வரப்பில் குவிந்து காய்கிறது. இந்த இலையை உண்டு பட்டுக்கூடு தரும் புழு ஒன்று உண்டு. அதுவே எரி பட்டுப்புழு. மல்பெரித் தோட்டம் போட நிலமோ நீரோ இல்லாத சிறு விவசாயியும் வளர்க்கக்கூடியது இது. ஆனால் எந்த இலையை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்குத் தெரியாமல் இறங்கினால் கிழங்கும் போகும், புழுவும் போகும்.

காட்டுப் பட்டில் வீட்டுப் புழு

மல்பெரி இலை தின்னும் புழுவின் பட்டையே நாம் பொதுவாகப் பட்டு என்கிறோம். அதைத் தவிர்த்த மற்றவை காட்டுப் பட்டு அல்லது வன்யா பட்டு எனப்படும். மருது, கருமருது, சால் போன்ற காட்டு மரங்களின் இலையில் வளர்வது டசார். அசாமில் சோம், சோவாலு மரங்களில் வளர்ந்து பொன்னிற நூல் தருவது மூகா. மூன்றாவது எரி. டசார் புழுவும் மூகா புழுவும் திறந்த வெளியில் மரத்தின் மேலேயே வளர்பவை. காக்கை, எறும்பு, மழை அனைத்துக்கும் அவற்றைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். எரி புழுவோ பல தலைமுறைகளாக வீட்டுக்குள்ளேயே தட்டில் வளர்க்கப்பட்டுப் பழகிவிட்டது. பெயர்தான் காட்டுப் பட்டு; வளர்ப்பு முறை முழுவதும் வீட்டோடு சேர்ந்தது.

‘எரி’ என்ற பெயரே அசாமிய மொழியில் ஆமணக்கைக் குறிக்கும் ‘எரா’ என்ற சொல்லிலிருந்து வந்ததாகும். இந்தியாவில் மல்பெரிப் பட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் உற்பத்தியாவது எரி பட்டே. அதில் பெரும்பகுதி அசாமிலும் அதையொட்டிய வடகிழக்கு மாநிலங்களிலும் விளைகிறது. அங்கே ஜோர்ஹாட் அருகே லாதோய்கரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மூகா, எரி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

எரி கூட்டின் ஒரு முனை திறந்தே இருக்கும். எனவே மல்பெரிக் கூட்டைப் போல ஒரே இழையாக இதிலிருந்து நூல் இழுக்க முடியாது. பஞ்சைப் போல நூற்கத்தான் வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு. கூட்டைக் கிழிக்காமலே அந்துப்பூச்சி வெளியேறிவிடும். உயிரைக் கொல்லாமல் எடுத்த பட்டு என்று இதைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள்.

முதல் தீனி ஆமணக்கு

எரி புழு இருபதுக்கும் மேற்பட்ட செடி, மரங்களின் இலையைத் தின்னும். ஆனால் எல்லாம் ஒரே பலன் தருவதில்லை. எதைத் தின்றால் புழு விரைவாக வளர்ந்து, கனமான கூடு கட்டி, அதிக முட்டை இடும் என்று பார்த்தால் ஆமணக்கே முன்னால் நிற்கிறது.

ஆமணக்கிலும் வேறுபாடு உண்டு. சில இரகங்களின் தண்டிலும் இலையிலும் வெள்ளை மாவு பூசியதுபோல மெழுகுப் படலம் இருக்கும். சிலவற்றில் இருக்காது. மாவுப் படலம் இல்லாத செந்தண்டு இரகங்களே புழு வளர்ப்புக்கு ஏற்றவை என்று வடகிழக்கில் பரிந்துரைக்கிறார்கள். நம் பகுதியில் கொட்டைக்காகப் பயிரிடும் இரகங்களின் இலையையும் புழு உண்ணும். ஆகவே, கையில் இருக்கும் ஆமணக்கைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டியதில்லை.

கொட்டைக்காகப் போட்ட ஆமணக்கில் மொத்த இலையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குக்குள் எடுத்தால் மகசூல் பாதிக்காது. குலை விடும் கிளையின் நுனி இலைகளைத் தொடக்கூடாது. கீழே முற்றிக்கொண்டு வரும் இலைகளையும் நெருக்கமாக நிழல் தட்டி நிற்கும் இலைகளையும் பறிக்கலாம். வரப்பிலும் வேலியோரத்திலும் பல ஆண்டு நிற்கும் ஆமணக்கு இருந்தால் அது புழுவுக்கென்றே ஒதுக்கத் தக்கது.

மானாவாரி ஆமணக்கை மட்டும் நம்புவதில் ஒரு குறை இருக்கிறது. மழை பொய்த்தால் இலை சுருங்கிவிடும். காவடிப்புழு விழுந்தால் ஒரே வாரத்தில் நரம்பு மட்டுமே மிஞ்சும். அப்போது தட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான புழுக்களுக்கு எதைப் போடுவது? மாற்றுத் தீனியின் தேவை இங்கேதான் எழுகிறது.

குச்சிக்கிழங்கு இலை

சேலம் மாவட்டத்தில் மரவள்ளி வேரூன்றியதற்குக் காரணம் ஜவ்வரிசித் தொழில். 1940களில் இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோகவே, இங்கேயே கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் உருவானது. கிழங்கும் ஆமணக்கும் இம்மாவட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவ்விரு பயிருக்கும் சேர்த்தே ஏத்தாப்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. எரி புழுவின் இரண்டு முக்கியத் தீனிகளும் அவையே.

மரவள்ளி இலையில் வளர்ந்த புழு ஆமணக்கில் வளர்ந்ததைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். கூடு கட்ட இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். கூட்டின் ஓடும் எடையில் கொஞ்சம் குறையும். ஆயினும் இலை செலவில்லாமல் கிடைப்பதால் இந்தக் குறை பெரிதல்ல. உலகில் மரவள்ளி மிகுதியாக விளையும் தாய்லாந்திலும் கிழங்கு விவசாயிகள் இதே இலையில் எரி புழு வளர்க்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கிழங்குக்கு ஆலையில் விலை போடுவது அதன் மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்தே. மாவைத் தயாரிப்பது இலை. பட்டுக்கு ஆசைப்பட்டு இலையை மொட்டையடித்தால் கிழங்கு பெருக்காது, பாயிண்டும் இறங்கும். புழுவில் வந்ததைக் கிழங்கில் இழக்க நேரிடும். ஆகவே கீழ்க்கண்டவாறு நடந்துகொள்வது நலம்.

முதலாவதாக, நட்ட நான்கு மாதம் வரை இலையில் கை வைக்க வேண்டாம். செடி தழைத்து, கிழங்கு இறங்கும் காலம் அது.

இரண்டாவதாக, அதன் பிறகும் ஒரு செடியில் மொத்த இலையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பறிக்க வேண்டாம். அதையும் கீழ் அடுக்கிலும் நடு அடுக்கிலும் எடுக்க வேண்டும். நுனிக்குருத்தைக் கிள்ளக்கூடாது.

மூன்றாவதாக, அறுவடை நாளன்று கிடைக்கும் இலை முழுவதும் இலவசம். கிழங்கு பிடுங்கியபின் செடிக்கு இலை தேவையில்லை. எனவே புழு அதிகம் தின்னும் கடைசி வாரம் கிழங்கு பிடுங்கும் வாரத்தோடு பொருந்தும்படி முட்டை வாங்கும் நாளைக் குறித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வயல் முழுவதையும் ஒரே நாளில் பிடுங்காமல் நான்கைந்து நாளில் பிரித்துப் பிடுங்க முடிந்தால் இன்னும் நல்லது. முற்றி மஞ்சளாகிவிட்ட இலையை மட்டும் கழித்துவிட வேண்டும்.

மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் இருக்கிறது. ஆடுமாடு வயலில் புகுந்து வயிறு நிறைய மேய்ந்து இறந்துபோவது விவசாயிகள் அறிந்ததே. எரி புழு இதை ஓரளவு தாங்கும். என்றாலும் கசப்பு அதிகமுள்ள இரகங்களைத் தவிர்த்து, வேகவைத்து உண்ணும் கிழங்கு இரகங்களின் இலையைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. புழு தின்று மிச்சம் வைத்த மரவள்ளி இலையை ஆட்டுக்குப் போட்டுவிடக்கூடாது. எருக்குழியில்தான் சேர்க்க வேண்டும். தேமல் நோய் பிடித்துச் சுருண்ட இலையையும், செம்பேன் தாக்கி வெளுத்த இலையையும் புழுவுக்குப் போட வேண்டாம். அவற்றில் சத்தும் இல்லை, நீரும் இல்லை.

கணக்குப் போட்டு இறங்குங்கள்

ஒரு முட்டைத் தொகுதி என்பது ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள். அதிலிருந்து சுமார் 300 புழுக்கள் கிடைக்கும் என்று கொள்ளலாம். 100 தொகுதிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 குவிண்டால் இலை வேண்டும். முதல் முறை வளர்ப்பவர் 100 தொகுதி வாங்கக் கூடாது. 10 தொகுதி போதும். அதன் கணக்கு வருமாறு:

10 தொகுதியில் 3,000 புழுக்கள். இலைத் தேவை 80 முதல் 100 கிலோ. நூற்றுக்கு 80 புழு தேறினால் 2,400 கூடு. ஆமணக்குத் தீனியில் ஒரு கூட்டின் ஓடு 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 960 கிராம் ஓடு. மரவள்ளித் தீனியில் 0.3 கிராம் என்று கொண்டால் 720 கிராம். இவை தவிர சுமார் 5 கிலோ கூட்டுப்புழு கிடைக்கும்.

ஆக, ஒரு மாத உழைப்பில் 10 தொகுதியிலிருந்து கிடைப்பது ஒரு கிலோவுக்கும் குறைந்த ஓடுதான். இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இது பெரும் வருமானம் அல்ல. கைப்பழக்கம் வருவதற்கான முதல் படி. பழகியபின் 50 தொகுதி, 100 தொகுதி என்று உயர்த்தலாம்.

அப்போது இலை எவ்வளவு கிடைக்கும்? மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் நட்ட ஒரு ஏக்கர் மரவள்ளியில் 4,800க்கு மேல் செடிகள் இருக்கும். ஒரு செடியிலிருந்து 200 கிராம் இலை மட்டும் எடுத்தாலும் 960 கிலோ ஆகிறது. அதாவது, ஒரு ஏக்கர்க் கிழங்குக்காரர் செடியை வருத்தாமலே ஒரு முறை 100 தொகுதி வளர்க்க இயலும். அரை ஏக்கர்க்காரர் 50 தொகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையைப் பார்த்துப் புழுவை அளக்க வேண்டுமே தவிர, புழுவை வாங்கிவிட்டு இலைக்கு அலையக் கூடாது.

கடைசி வாரப் பஞ்சம்

எரி புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. இளம்புழுவாக இருக்கும்போது அதன் தீனி மிகக் குறைவு. பத்து நாள் வரை ஒரு கூடை இலை போதுமென்று தோன்றும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்கை ஐந்தாம் பருவத்தில், அதாவது கடைசி ஒரு வாரத்தில், தின்று தீர்த்துவிடும். 10 தொகுதிக்கு 100 கிலோ என்றால் அதில் 80 கிலோ அந்த ஒரு வாரத்துக்கே வேண்டும். அப்போது இரண்டு நாள் இலை கிடைக்காவிட்டாலும் புழு மெலிந்து, காகிதம் போன்ற கூடு கட்டும். மூன்று வார உழைப்பு வீண்.

எனவே வளர்ப்பவர் ஒவ்வொருவரும் ஆமணக்கு, மரவள்ளி இரண்டுக்கும் அப்பால் ஒரு சேமிப்பு மரமும் வைத்திருப்பது நலம். அதற்கு ஏற்றது பெருமரம். பீநாறி மரம், தீக்குச்சி மரம் என்றும் இதைச் சொல்வதுண்டு. வறண்ட நிலத்திலும் வளரும். ஆட்டுக்குத் தழையாகவும் தீப்பெட்டித் தொழிலுக்கு மரமாகவும் பயன்படுவது. எரி புழு இதன் இலையை விரும்பி உண்ணும். வேலியோரம் நாலைந்து மரம் நட்டு, கை எட்டும் உயரத்தில் கவாத்து செய்து வந்தால் ஆமணக்கு காய்ந்த காலத்தில் இது உதவும்.

வடகிழக்கில் இவ்வாறு உதவும் மரம் கெசேரு. அங்கே ஆமணக்கு இல்லாத மாதங்களில் அதன் இலையே எரி புழுவைக் காப்பாற்றுகிறது. அது மரமாதலால் ஒரு முறை நட்டால் பல ஆண்டு இலை தரும். நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பெருமரம் நிரப்பும்.

பப்பாளி இலையையும் புழு தின்னும். ஆனால் வளர்ச்சி மந்தமாகும். ஒரு நாள் பசிக்கு ஆகுமே தவிர முழுத் தீனியாக வைக்கக் கூடாது. காட்டாமணக்கையும் எரி புழுவின் தீனிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதில் கூடு தேறுவது குறைவு. ‘ஆமணக்கு’ என்ற பெயரை நம்பி அதைப் பறித்துப் போட்டு ஏமாற வேண்டாம்.

இலையை மாற்றும் முறை

ஒரு தீனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் ஒழுங்கு வேண்டும். காலையில் ஆமணக்கு, மாலையில் மரவள்ளி என்று மாற்றி மாற்றிப் போட்டால் புழு இலையை ஒதுக்கும். தட்டில் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் நிற்கும்.

சிறந்த முறை இதுவே: முட்டை பொரித்த நாள் முதல் மூன்றாம் பருவம் முடிய ஆமணக்கின் இளந்தளிர் இலை. மூன்றாம் தோலுரிப்பு முடிந்து புழு விழித்ததும் முதல் தீனியாகவே மரவள்ளி. அதன்பின் கூடு கட்டும்வரை மரவள்ளிதான். இளம்பருவத்துக்குத் தேவையான சிறிதளவு ஆமணக்கு வீட்டோரச் செடிகளிலேயே கிடைத்துவிடும். பெருந்தீனி வேண்டிய காலத்தில் வயலில் மரவள்ளி இருக்கும். இரண்டு செடியும் அதனதன் வலுவுக்கு ஏற்றபடி பயன்படுகின்றன.

ஆமணக்கே இல்லாதவர் தொடக்கத்திலிருந்தே மரவள்ளியில் வளர்க்கலாம். அப்போது இளம்புழுவுக்கு நுனிக்குக் கீழே உள்ள மூன்றாவது, நான்காவது இலையைக் கொடுக்க வேண்டும். எந்த நிலையிலும் மாற்றம் தோலுரிப்பு முடிந்த கையோடுதான் செய்யப்பட வேண்டும். பருவத்தின் நடுவில் கூடாது.

மலைக்கு ஒரு காலம், சமவெளிக்கு ஒரு காலம்

எரி புழுவுக்கு உகந்த வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீத அளவில் இருக்க வேண்டும். சேலம், ஆத்தூர் பகுதியில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பத்தில் புழு தேறாது. ஆவணி தொடங்கி மாசி வரை சமவெளிக்கு ஏற்ற காலம். கிழங்கு அறுவடையும் பெருமளவு அந்த மாதங்களிலேயே நடப்பதால் இலையும் கிடைக்கும்.

சேர்வராயன் மலையில் நிலைமை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் கோடையிலும் 30 டிகிரியை ஒட்டியே வெயில் நிற்கும். எனவே சமவெளிக்காரர் வளர்ப்பை நிறுத்தும் கோடையே மலைக்காரருக்கு ஏற்ற காலம். மார்கழி, தை மாதங்களில் மலையில் இரவுக் குளிர் 13 டிகிரி வரை இறங்கும். அப்போது புழு மந்தமாகத் தின்று, 25 நாளில் முடிய வேண்டிய வளர்ப்பு 35, 40 நாள் என்று நீளும். ஆளும் நாளும் இலையும் விரயமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை நனைந்தே இருக்கும். ஈர இலையைப் போட்டால் புழுவுக்கு வயிற்றுப்போக்கு வந்து கறுத்து அழுகும். நிழலில் ஆறவைத்து, ஈரம் போனபின்பே போட வேண்டும்.

மலைக்காரரும் அடிவாரக்காரரும் இப்படி மாற்று மாதங்களில் வளர்த்தால், கூடு வாங்க வரும் வியாபாரிக்கு ஆண்டில் பல மாதம் சரக்குக் கிடைக்கும். சிறு அளவில் தனித்தனியே வளர்ப்பதால் வரும் குறை இதனால் நீங்கும்.

மருந்து தெளித்த இலை, நஞ்சு

புழு வளர்ப்பில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அஞ்ச வேண்டியது மருந்து தெளித்த இலையையே. ஆமணக்குக் காவடிப்புழுவைக் கொல்லும் மருந்து எரி புழுவையும் கொல்லும். காபித் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து பக்கத்து ஆமணக்கில் படிந்திருந்தாலும் போதும். வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவுக்கு ஆகாது. ஆகவே, இலை பறிக்கும் இடத்தைச் சுற்றி யார், எப்போது, என்ன தெளித்தார்கள் என்று கேட்டறிவது அவசியம். ஐயம் இருந்தால் பத்துப் புழுவுக்கு அந்த இலையைப் போட்டு ஒரு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

மரவள்ளியில் இந்த ஆபத்து மாவுப்பூச்சியால் பெருகியது. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, பப்பாளி மூன்றையும் வாட்டியது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் என்ற மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டது. அதன்பிறகே பூச்சி அடங்கியது. 2020இல் கேரளத்தில் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபேசி என்ற குளவியைக் கொண்டுவந்து 2022இல் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

எரி புழு வளர்ப்பவருக்கு இதில் பாடம் உண்டு. குளவி வேலை செய்யும் வயலில் மருந்து தேவைப்படாது. மருந்து படாத இலையே புழுவுக்குத் தீனியாகும். மருந்தைக் குறைத்தால் குளவியும் பிழைக்கும், புழுவும் பிழைக்கும், செலவும் மிச்சம். மாவுப்பூச்சி கண்ட வயலில் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்காமல், முதலில் ஏத்தாப்பூர் நிலையத்தையோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுவது நல்லது.

வளர்ப்பு முறை சுருக்கமாக

இதற்குத் தனி மனை கட்ட வேண்டியதில்லை. காற்றோட்டமும் நிழலும் உள்ள ஓர் அறை, மூங்கில் தட்டுகள் சில, அவற்றை அடுக்க ஒரு தாங்கி போதும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சன்னலுக்கு நைலான் வலை கட்டினால் ஊசி ஈ நுழையாது. இந்த ஈ புழுவின்மேல் முட்டையிட்டுச் சென்றால் புழு கூடு கட்டுமுன்போ கட்டியபின்போ இறந்துவிடும்.

வளர்ப்புக்கு முன் அறையையும் தட்டுகளையும் கழுவி, 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து தெளித்து உலரவிட வேண்டும். மல்பெரி மனைக்குச் சொல்லப்படும் இதே அளவு இங்கும் பொருந்தும்.

முட்டையை நோய்ச் சோதனை செய்த நிலையத்திலிருந்தே வாங்க வேண்டும். பெப்ரைன் நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருவதால், பக்கத்து வீட்டுப் பூச்சி இட்ட முட்டையை வாங்கி வளர்ப்பது ஆபத்து. முட்டை இட்ட எட்டு முதல் பத்து நாளில் பொரிக்கும். நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை தீனி போட வேண்டும். புழு தலையை நிமிர்த்தி அசையாமல் இருந்தால் தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது தீனியை நிறுத்தி, சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவி, பெரும்பாலான புழு விழித்தபின் மீண்டும் தீனி தொடங்க வேண்டும். எச்சத்தையும் மிச்ச இலையையும் நாள்தோறும் அகற்றி எருக்குழியில் சேர்த்தால் அது நல்ல உரமாகும்.

முற்றிய புழு தின்பதை நிறுத்தி, தட்டின் ஓரத்தில் அலையும். அவற்றைப் பொறுக்கிச் சந்திரிகையிலோ, காய்ந்த இலைகள் அடுக்கிய கூடையிலோ விட்டால் கூடு கட்டும். ஐந்தாறு நாள் கழித்தே கூட்டை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே புழு நசுங்கி ஓட்டில் கறை படியும். கறை படிந்த ஓட்டுக்கு விலை இல்லை.

வாங்குபவர் யார் என்று முதலில் கேளுங்கள்

சேலத்தில் மல்பெரிக் கூட்டை எவரும் விற்றுவிடலாம். எரி கூட்டின் நிலை அப்படியல்ல. இதை நூற்கும் ஆலைகளும் நெசவாளர்களும் நாட்டில் குறைவு. பெரும்பாலும் வடகிழக்கில் இருக்கிறார்கள். அங்கே பெண்கள் ஓட்டைச் சோடா நீரில் வேகவைத்து, தட்டையாக விரித்து, தக்ளியில் நூற்கிறார்கள். அந்நூலில் நெய்த சால்வை கம்பளிக்கு நிகராகக் குளிரைத் தாங்கும். கூட்டுப்புழுவைப் புரதம் மிகுந்த உணவாக உண்கிறார்கள். அதனால் அவர்களுக்கு எதுவும் வீணாவதில்லை. நம் பகுதியில் கூட்டுப்புழுவை உண்ணும் வழக்கம் இல்லாவிட்டாலும் கோழிக்கும் மீனுக்கும் அது நல்ல தீவனம். நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் அந்த 5 கிலோவும் பயன்படும்.

ஆகவே முட்டைக்கு முன்பணம் கட்டுமுன், கூட்டை வாங்கிக்கொள்பவர் யார், வெறும் ஓட்டையா முழுக் கூட்டையா கேட்கிறார், கிலோவுக்கு என்ன விலை, எப்போது பணம் என்ற நான்கையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த விலையை மேலே சொன்ன 720 கிராம், 960 கிராம் கணக்கோடு பெருக்கி, முட்டை விலையையும் ஒரு மாத உழைப்பையும் கழித்துப் பார்த்தால் ஆதாயம் உண்டா இல்லையா என்பது தெளிவாகும். ஓடு காய்ந்தபின் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தால் பல மாதம் கெடாது. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டையாகச் சேர்த்தபின் விற்பது தனித்தனியே அரைக் கிலோ, ஒரு கிலோ என்று விற்பதைவிட மேலானது.

தமிழகப் பட்டு வளர்ச்சித் துறையின் இயக்குநரகம் சேலத்திலேயே இருப்பது இவ்வட்டார விவசாயிகளுக்கு ஒரு வாய்ப்பு. முட்டை கிடைக்கும் இடம், பயிற்சி, கூடு வாங்குவோர் ஆகிய விவரங்களை அங்கே நேரில் கேட்டறியலாம்.

இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. வீட்டைச் சுற்றி நிற்கும் ஆமணக்கை எண்ணுங்கள். மரவள்ளி எந்த மாதம் பிடுங்கப்படும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலியில் பெருமரக் கன்று நாலு நடுங்கள். இம்மூன்றும் சரியாக இருந்து, கூட்டை வாங்கவும் ஆள் உறுதியானால், 10 தொகுதி முட்டையோடு தொடங்கலாம்.